கேம்பருக்கு சோலார் தேவையா? வாங்குவதற்கு முன் வாசலில் ஒரு ராத்திரி

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா, ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்ட், மார்ச் மாதம். விடியற்காலை மூன்று மணிக்கு, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே தங்கும் எங்கள் கேம்பர் டிரெய்லரின் ஃபர்னஸ், அதாவது அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர், நின்றுபோனது. பாலைவனம்தானே, குளிர் என்ன பெரிய குளிர் என்று போயிருந்தோம். அந்த இடம் நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது என்பது குளிர் உறைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். கேஸ் இருந்தது, தீர்ந்தது பேட்டரி.

புதிதாக கேம்பர் வாங்குகிறவர்கள் பலருக்கும் தெரியாத விஷயம் இது. ஃபர்னஸ் எரிவது கேஸில்தான், ஆனால் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி இறங்கினால் விசிறி மெதுவாகச் சுற்றும். போதுமான காற்று வருகிறதா என்று பார்க்க உள்ளே ஒரு சிறிய தகடு சுவிட்ச் உண்டு. காற்று போதாவிட்டால் அது மூடாது. அது மூடாவிட்டால் தீ பற்றாது. சிலிண்டர் நிறைய கேஸை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு ஜமக்காளத்துக்குள் சுருண்டு கிடந்தோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு கடையில் விலை விசாரித்தேன். கூரையில் 400 வாட் சோலார் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். கூலியோடு சேர்த்து மூவாயிரம் டாலருக்கு மேல். அதை வாங்காமல் தப்பித்ததற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை, அந்த மாதம் கையில் பணம் இல்லை. அந்த இடைவெளியில் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் தெரிந்தது: எங்கள் டிரெய்லருக்கு முதலில் வேண்டியிருந்தது சோலாரே அல்ல.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இடங்களும் விலைகளும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. கணக்கு எங்கேயும் ஒன்றுதான்.

முதல் படி: போன வருடத்து நாட்காட்டியை எடுங்கள்

கேம்பருக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் இணைப்புக்கு இங்கே ஹூக்கப் என்று பெயர். கேஓஏ போன்ற தனியார் இடங்களில் 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் சாக்கெட் இருக்கும். செருகிவிட்டால் வீட்டில் இருப்பது போலத்தான். நீங்கள் தங்குவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். உங்களுக்கு சோலார் தேவையில்லை. கூரை நிறையப் பேனல் வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஹூக்கப்பில் நிற்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹூக்கப் இல்லாமல் தங்குவதை பூண்டாக்கிங் என்பார்கள். தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் மின் இணைப்பு கிடையாது. யோசெமிட்டியில் எங்குமே கிடையாது. மேற்கு மாநிலங்களில் பிஎல்எம் என்ற மத்திய அரசின் நில நிர்வாக அமைப்பு பராமரிக்கும் பொது நிலங்களில் பெரும்பாலும் 28 நாட்களுக்குள் 14 நாள் வரை ஒரே இடத்தில் இலவசமாகத் தங்கலாம், அங்கே குழாய்கூட இருக்காது. சோலாரின் பிறந்த வீடு அந்த நிலங்கள்தான். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் ஜனவரியில் போனால் பாலைவனம் முழுக்கப் பேனல்கள் மினுங்கும்.

ஆகவே நாட்காட்டியைப் பார்த்து இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஹூக்கப் இல்லாமல் வருடத்தில் எத்தனை இரவு தங்கினீர்கள்? தொடர்ச்சியாக அதிகபட்சம் எத்தனை இரவு? இரண்டாவது எண்தான் முக்கியம். எங்களுக்கு அது இரண்டாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்புகிற குடும்பம் எங்களுடையது. அடுத்த வருடம் ஒரு மாதம் லீவு போட்டு யூட்டா முழுக்கச் சுற்றப் போகிறோம் என்று எல்லோருக்கும் ஒரு கனவு இருக்கும். கனவை நாட்காட்டியில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது படி: வாசலில் ஒரு ராத்திரி

எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று தெரியாமல் பேனல் வாங்குவது, வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் உலை வைப்பது மாதிரி. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களை வைத்துக் கூட்டலாம்தான், ஆனால் உங்கள் வண்டி உங்கள் வண்டிதான். அளந்து பாருங்கள்.

அதற்கு, மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று வேண்டும். தோராயமாக 40 டாலரிலிருந்து 150 டாலர் வரை கிடைக்கும். பேட்டரியின் மைனஸ் பக்கம் எல்லா வயரும் அதன் வழியாகப் போகும்படி மாட்டினால், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்ப்-அவரில் (ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப்-அவர்) எண்ணிக்கொண்டே இருக்கும். டிரெய்லரோடு வரும் நாலு விளக்கு மீட்டரை நம்பாதீர்கள். அது வோல்டேஜை மட்டும் பார்த்துச் சொல்வது, ஆருடத்துக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. சோலார் போடுகிறீர்களோ இல்லையோ, இந்த ஒரு பொருளை வாங்கிவிடுங்கள் என்பேன்.

மானிட்டரை மாட்டிய பிறகு, குளிரான ஒரு வார இறுதியில் வீட்டு வாசலிலேயே டிரெய்லரின் மின் வயரைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய்க் குடியிருங்கள். சமையுங்கள், பாத்திரம் கழுவுங்கள், பிள்ளைகள் டேப்லெட் பார்க்கட்டும், ஃபர்னஸ் போட்டுத் தூங்குங்கள். பக்கத்து வீட்டார் வீட்டில் ஏதோ சண்டை போல என்று நினைப்பார்கள், பரவாயில்லை. ஏதாவது நின்றுபோனால் பத்தடி தூரத்தில் வீடு இருக்கிறது.

24 மணி நேரத்தில் எங்களுக்கு வந்த கணக்கு இது. ஃபர்னஸ் ஓடும்போது ஏழரை ஆம்ப் இழுத்தது, இரவில் விட்டு விட்டு மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடியது: 37 ஆம்ப்-அவர். கேஸ் டிடெக்டர், ஃபிரிட்ஜின் சர்க்யூட் போர்டு, ஸ்டீரியோ என்று யாரும் தொடாமலே சதா சொட்டிக்கொண்டிருக்கும் கசிவு 17. ஃபோன்கள், டேப்லெட், மூன்று மணி நேரம் லேப்டாப், எல்லாம் சேர்ந்து 18. எல்இடி விளக்குகள் 5. தண்ணீர் பம்பு வெறும் 2. மொத்தம் 79, அதாவது 80 என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 960 வாட்-அவர்.

பார்த்ததும் இரண்டு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகளிடம் 'லைட்டை அணை, லைட்டை அணை' என்று கத்திக்கொண்டிருந்தது முழுக்க வீண். தின்றது விளக்கு அல்ல, ஃபர்னஸ். இரண்டாவது, எதையும் தொடாமலே போகும் அந்த 17.

உங்கள் கணக்கு வேறு மாதிரி இருக்கும். எங்கள் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற பழைய வகை. புதிய டிரெய்லர்களில் இப்போது 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ்தான் அதிகம் வருகிறது. அது ஒன்றே நாளுக்கு 30 முதல் 60 ஆம்ப்-அவர் எடுத்துக்கொள்ளும். அது இருந்தால் கோடையிலும் உங்கள் செலவு குறையாது. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது, தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றைச் செலுத்தும் அவருடைய சிபேப் இயந்திரமும் சேர்ந்துகொண்டது. ஈரப்பத ஹீட்டரை அணைத்துவிட்டால் எட்டு மணி நேரத்துக்கு 27 ஆம்ப்-அவருக்குள் முடிந்தது. மருத்துவ இயந்திரம் வைத்திருப்பவர்கள் இந்த வாசல் சோதனையைக் கட்டாயம் செய்துவிட்டே காட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

சூடு உண்டாக்கும் எதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ், காபி மேக்கர், இன்ஸ்டன்ட் பாட், ஹேர் டிரையர் எல்லாமே பெரும்பாலும் 1000 வாட் பக்கமோ அதற்கு மேலோ இழுக்கும். பத்து நிமிடம் மைக்ரோவேவ் ஓடினால் ஏறத்தாழ 250 வாட்-அவர், அதாவது 20 ஆம்ப்-அவருக்கு மேல். நம்மவர்கள் ஆசையாக எடுத்துப்போகும் 110 வோல்ட் மிக்ஸி பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. சட்னி அரைக்க இரண்டு நிமிடம், 25 வாட்-அவர். ஆனால் அதற்கு ஒரு இன்வெர்ட்டர் வேண்டும், அதை அணைக்க மறந்தால் சும்மா இருந்தே மிக்ஸியைவிட அதிகம் குடித்துவிடும். இட்லியைக் கேஸில் வேகவையுங்கள்.

ஏசி பற்றி எல்லோரும் கேட்பார்கள். கூரையில் இருக்கும் 13,500 பிடியூ ஏசி ஓடும்போது 1500 வாட் பக்கம் இழுக்கும். 400 வாட் பேனல் நல்ல கோடை நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சேர்ப்பதை அது ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஏசிதான் நோக்கம் என்றால் ஹூக்கப் அல்லது ஜெனரேட்டர். சோலாரை மறந்துவிடுங்கள்.

மூன்றாவது படி: தொட்டியா, குழாயா?

நம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான் வரும். மாடியில் சிறிய தொட்டி இருந்தால் குழாயில் எவ்வளவு வேகமாக வந்தாலும் தொட்டி நிறைந்து வழிந்துவிடும், ராத்திரிக்குத் தண்ணீர் இருக்காது. பேட்டரிதான் தொட்டி. சோலார் பகலில் சில மணி நேரம் மட்டும் வரும் குழாய்த் தண்ணீர். கேம்பரில் பெரிய செலவு ராத்திரியில் நடக்கிறது, வரவு பகலில். தொட்டி சிறிதாக இருக்கும்போது பேனலைக் கூட்டிப் பயனில்லை.

எங்கள் டிரெய்லரோடு வந்தது 75 ஆம்ப்-அவர் சொச்சம் உள்ள சாதாரண ஈய அமில பேட்டரி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, எடுக்கக்கூடியது 38. ஃபர்னஸ் மட்டுமே ஒரு இரவுக்கு 37. ஜோஷுவா ட்ரீயில் விடியற்காலை மூன்று மணிக்கு ஏன் நின்றது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அன்றைக்குக் கூரையில் 400 வாட் இருந்திருந்தாலும் மூன்று மணிக்கே நின்றிருக்கும்.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மலிந்துவிட்டன. 100 ஆம்ப்-அவர் பேட்டரி 200 முதல் 400 டாலருக்குள் கிடைக்கிறது. எடை 12 கிலோ அளவுதான், அதே அளவு ஈய அமில பேட்டரி 30 கிலோவை நெருங்கும். 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். எங்கள் செலவை வைத்துப் பாருங்கள்:

100 ஆம்ப்-அவர் லித்தியம் ஒன்று, சோலார் இல்லை: ஒரு நாள் தாங்கும், கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அதே மாதிரி இரண்டு பேட்டரி, சோலார் இல்லை: இரண்டு நாளைக்கு மேல்.

ஒரே பேட்டரி, அதோடு 200 வாட் சோலார், மார்ச் மாத வெயில்: நான்கு நாள்.

இரண்டு பேட்டரி, 200 வாட்: ஒரு வாரம் தாராளம்.

வார இறுதிக்குப் போகிறவர் இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டு வெளியேறலாம். அவருக்கு வேண்டியது இன்னொரு பேட்டரி. மூன்று, நான்கு இரவு என்று நீளும்போதுதான் சோலார் தன் பங்கைச் செய்ய ஆரம்பிக்கிறது. பேனல் முழுச் செலவையும் ஈடுகட்ட வேண்டும் என்றுகூட இல்லை. அன்றாடம் விழும் துண்டு சிறிதாக இருந்தால் பேட்டரி பல நாள் இழுத்துக்கொண்டு போகும்.

லித்தியம் வாங்கும்போது கவனிக்க இரண்டு விஷயம். பேட்டரியின் உள்வெப்பம் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதை சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரிகள் தாமாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், சிலவற்றில் சூடேற்றும் வசதியே இருக்கும். டிரெய்லரின் மூக்கில், திறந்தவெளிப் பெட்டியில் பேட்டரி வைத்திருந்தால், குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, டிரெய்லருக்குள் இருக்கும் கன்வெர்ட்டர். ஹூக்கப் மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கி பேட்டரிக்கு ஊற்றுவது அதுதான். இன்வெர்ட்டர் அதற்கு நேர்மாறு, 12 வோல்ட்டை 110 ஆக்குவது. பழைய கன்வெர்ட்டர்கள் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும், லித்தியத்துக்கு 14.4 பக்கம் வேண்டும். அது தராத கன்வெர்ட்டர் பேட்டரியைக் கெடுத்துவிடாது, நிறைவதற்கு இழுத்தடிக்கும்.

நான்காவது படி: வெயில் எவ்வளவு வரும்?

200 வாட் என்று எழுதியிருக்கும் பேனல் 200 வாட் தருவது ஆய்வகத்தில், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது, செங்குத்தாக விழும் வெளிச்சத்தில். உங்கள் கூரையில் பேனல் படுத்துக்கிடக்கிறது, சூரியன் சாய்ந்து வருகிறது. வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தியில் 0.3 முதல் 0.4 சதவீதம் போய்விடும். வயரில் கொஞ்சம், தூசியில் கொஞ்சம். எல்லாவற்றையும் கழித்தால் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்து வேண்டியது அந்த இடத்தின், அந்த மாதத்தின் முழு வெயில் மணி. பொழுது விடிந்து சாயும்வரை என்ற கணக்கு இல்லை இது. உச்சி வெயிலுக்குச் சமமாகச் சுருக்கிச் சொன்னால் எத்தனை மணி என்பது. தென்மேற்குப் பாலைவனத்தில் படுத்த பேனலுக்கு டிசம்பரில் 3, மார்ச்சில் 5, ஜூனில் 7க்கு மேல் என்று தோராயமாக வைக்கலாம். சியாட்டில் பக்கம் டிசம்பரில் 1 வந்தாலே அதிர்ஷ்டம். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகம் நடத்தும் பிவிவாட்ஸ் என்ற இலவசக் கணிப்பான் இணையத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் கொடுத்து, சாய்வு 0 என்று போட்டால் மாதவாரியாகக் காட்டும்.

200 வாட், 5 மணி, 70 சதவீதம்: 700 வாட்-அவர். மேலே சொன்ன 'நான்கு நாள்' இதிலிருந்து வந்ததுதான். நாளுக்குச் செலவு 960, வரவு 700, துண்டு 260. கோடையில் எங்கள் ஃபர்னஸ் ஓடாது, செலவு 500க்கு இறங்கிவிடும், வெயில் ஏறும். அப்போது 100 வாட் பேனலே பெரும்பாலும் சமாளித்துவிடும். குளிர்காலத்தில் எல்லாமே தலைகீழ். செலவு உச்சத்தில் இருக்கும்போது வரவு பாதாளத்தில். எந்த மாதங்களில் போகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் 'எத்தனை வாட் வேண்டும்' என்று யாரிடம் கேட்டாலும் பதில் பொய்யாகத்தான் இருக்கும்.

நிழல் என்ற சனி

ஹூக்கப் இல்லாத பூங்காக்களில் நாம் தேடிப்போவது மரத்தை. யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் பெயரிலேயே பைன் மரம். கூரைப் பேனலை மரத்தடியில் நிறுத்தினால், வெளியே கண் கூசும் வெயில் இருந்தாலும் மானிட்டரில் ஒன்றிரண்டு ஆம்ப்தான் தெரியும். பேனலுக்குள் செல்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு கிளையின் நிழல் விழுந்தால்கூட மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போய்விடும். கூரையில் உங்கள் ஏசி மூடியும் ஆன்டெனாவும் காற்றுப்போக்கியும் போடுகிற நிழலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தடிக்காரர்களுக்கு என் சிபாரிசு பலருக்குப் பிடிக்காது: சிறிய ஜெனரேட்டர். யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஓட்டலாம். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் 45 ஆம்ப் தரும் கன்வெர்ட்டர் இருந்தால் லித்தியம் பேட்டரிக்கு இரண்டு மணி நேரத்தில் 90 ஆம்ப்-அவர் ஏறிவிடும், எங்கள் ஒரு நாள் செலவுக்கும் மேலே. ஈய அமில பேட்டரி இதைச் செய்யாது, கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் அடம் பிடிக்கும். பெட்ரோல், சத்தம், 20 கிலோ எடை எல்லாம் உண்மைதான். பக்கத்து சைட்காரர் முறைப்பார் என்பதும் உண்மை. ஆனால் மேகமூட்டத்திலும் மரத்தடியிலும் அது வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடு பொல்லாதது, ஜன்னலுக்கும் கூடாரத்துக்கும் தள்ளியே வையுங்கள்.

வண்டி ஓடும்போதே சார்ஜ் ஆகாதா என்பார்கள். டிரக்கிலிருந்து டிரெய்லருக்கு வரும் ஏழு முனை பிளக்கில் அதற்கென்று ஒரு வயர் உண்டு, ஆனால் மெல்லிய வயர், நீண்ட தூரம். சில ஆம்ப்தான் வந்து சேரும். நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் ஓட்டி இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் தடித்த கேபிளும் டிசி-டிசி சார்ஜரும் போட்டுக்கொண்டால் சோலார் பேச்சே எழாமல் போகலாம். வேன் வாசிகளுக்கு இது இன்னும் பொருத்தம்.

ஐந்தாவது படி: கூரையிலா, கையிலா?

இவ்வளவுக்கும் பிறகு சோலார் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், முதல் வருடம் கூரையில் ஓட்டை போடாதீர்கள். சூட்கேஸ் மாதிரி மடிக்கும் 200 வாட் பேனல் 200 முதல் 350 டாலருக்குள் கிடைக்கும். டிரெய்லரை நிழலில் நிறுத்திவிட்டுப் பேனலை வெயிலில் வைக்கலாம். சூரியனைப் பார்த்துச் சாய்த்து, மதியம் ஒருமுறை திருப்பிவிட்டால் குளிர்காலத்தில் படுத்த பேனலைவிட நன்றாகவே அதிகம் தரும். பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம். தொல்லைகளும் உண்டு: ஒவ்வொரு தடவையும் விரித்து மடிக்க வேண்டும், பாலைவனக் காற்றில் கவிழும், நடக்கப் போகும்போது யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ என்று மனம் அடித்துக்கொள்ளும். சைக்கிள் பூட்டு ஒன்று போட்டுவிடுவேன்.

கூரைப் பேனலின் அழகு, ஒன்றுமே செய்ய வேண்டாம் என்பதுதான். ஓட்டும்போதும் நிறுத்தியிருக்கும்போதும் தன்பாட்டுக்கு வேலை செய்யும். வருடத்தில் 30, 40 இரவு திறந்தவெளியில் தங்குகிறவர்களுக்கு அது சரி. ஆனால் கூரைப் பலகை மெல்லியது. திருகுகளைக் கூரைச் சட்டத்தில் இறக்க வேண்டும், ஒவ்வொரு திருகு மேலும் அந்தக் கூரைக்கென்று உள்ள தானே பரவும் சீலன்ட்டைப் பூச வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி விரிசல் பார்க்க வேண்டும். ஏணி ஏறச் சோம்பல் என்றால் கூரைப் பேனல் வேண்டாம். ஒழுகும் கூரையைச் சரிசெய்யும் செலவில் பத்து வருடத்துக்கு ஹூக்கப் வாடகை கொடுக்கலாம். வளையும் வகைப் பேனல்களைக் கூரையோடு ஒட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அடியில் காற்றோட்டம் இல்லாமல் வெந்து சீக்கிரம் போய்விடுகின்றன.

'சோலார் ரெடி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிரெய்லரில் என்ன ரெடி என்று திறந்து பாருங்கள். பலவற்றில் கூரையிலிருந்து கீழே ஒரு ஜோடி வயர் மட்டும் இழுத்திருப்பார்கள். பக்கவாட்டில் சாக்கெட் இருந்தால் மல்டிமீட்டரால் பிளஸ், மைனஸ் பார்க்காமல் எதையும் செருக வேண்டாம். சில சாக்கெட்டுகளில் வழக்கத்துக்குத் தலைகீழாகக் கொடுத்திருப்பார்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். அதில் இரண்டு வகை: பிடபிள்யூஎம் மலிவு, எம்பிபிடி விலை கூட. 12 வோல்ட் பேனலின் வேலை வோல்டேஜ் 18 பக்கம். பேட்டரியோ 13 சொச்சம். பிடபிள்யூஎம் அந்த வித்தியாசத்தை வீணாக்குகிறது, எம்பிபிடி ஆம்பாக மாற்றித் தருகிறது. 100 வாட்டுக்கு எது இருந்தாலும் சரி, 200க்கு மேல் எம்பிபிடி. கன்ட்ரோலர் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும்; நீளமான வயர் பேனல் பக்கம் போகட்டும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயருக்கும் பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். வயரின் தடிமனும் ஃப்யூஸின் அளவும் புரியவில்லை என்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும்.

வாடகைக்கு கேம்பர் எடுப்பவர்களும், அப்பாவின் சிபேப்புக்கு மட்டும் ஒரு வழி வேண்டும் என்பவர்களும் இதில் எதையும் தொட வேண்டாம். 500 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிப்போகும் பேட்டரிப் பெட்டி) ஒன்றை வீட்டில் சார்ஜ் செய்து எடுத்துப்போனால் ஒரு இரவு கழியும், அதற்கே ஒரு மடக்குப் பேனல் இருந்தால் மறுநாளும் கழியும்.

பணம்

கூரையில் 400 வாட், எம்பிபிடி, வயர் எல்லாம் சேர்த்து நாமே போட்டால் 600 முதல் 900 டாலர் ஆகலாம். கடையில் கொடுத்தால் அதன் மேல் கூலி. ஹூக்கப் உள்ள சைட்டுக்கு இரவுக்கு 15 டாலர் கூடுதல் என்று வைத்தால் 900 டாலருக்கு 60 இரவு. முதல் படியில் எழுதிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஆறு இரவு என்றால் பத்து வருடம், அதற்குள் டிரெய்லரையே விற்றிருப்பீர்கள். பணக் கணக்கில் சோலார் அநேகமாக ஜெயிக்காது. சத்தமில்லாத காலை, ஜெனரேட்டர் நேரம் பார்க்காத மதியம், ஹூக்கப் இல்லாத இடத்தில் நான்காவது இரவு, இவற்றுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் வருத்தம் இருக்காது.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. டிரெய்லரை மின்சாரம் இல்லாத வெளி இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவராக, இன்னும் ஈய அமில பேட்டரி வைத்திருப்பவராக இருந்தால், கன்ட்ரோலரோடு ஒரு 20, 30 வாட் பேனல் உடனே வாங்குங்கள். ஃபிரிட்ஜ், ஸ்டீரியோ எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மிஞ்சும் கசிவு பேட்டரியைச் சாகடிக்காமல் அது பார்த்துக்கொள்ளும். முழு 17 ஆம்ப்-அவருக்கு அது போதாது.

நாங்கள் கடைசியில் செய்தது: முதலில் போர்வை. தெர்மோஸ்டாட்டை நான்கு டிகிரி ஃபாரன்ஹீட் இறக்கி, ஆளுக்கொரு கனத்த ரஜாய் வாங்கியதில் ஃபர்னஸ் செலவு கண்கூடாகக் குறைந்தது. பிறகு 100 ஆம்ப்-அவர் லித்தியம் ஒன்று. அடுத்த வருடம் இன்னொன்று. மடக்குப் பேனல் வாங்கியது மூன்றாவது வருடம், டெத் வேலியில் ஐந்து இரவு தங்கப் போனபோதுதான். கூரையில் இதுவரை ஒன்றும் இல்லை. போன தடவை சீலன்ட் பார்க்க ஏறியபோது ஏசி மூடிக்குப் பின்னால் இரண்டு பேனலுக்கு இடம் இருப்பதை அளந்து வைத்திருக்கிறேன். யூட்டாவுக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை.